மூன்று பக்கம் எழுதியும் இரண்டு மதிப்பெண்தானா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவு. அரையாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலில் 90க்கு 84 எடுத்தவள் வரலாற்றில் 47 எடுத்திருக்கிறாள். இரவு பதினொரு மணி வரை வாய்விட்டுப் படிக்கிறாள், கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதுகிறாள், ஆனாலும் ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் இரண்டுக்கு மேல் விழவில்லை. ஆசிரியையிடம் டியூஷன் சேராததால்தான் இப்படியோ என்று தாய்க்குச் சந்தேகம். மகளுக்கோ, "எனக்குக் கணக்குதான் வரும், வரலாறு வராது" என்று முடிவே ஆகிவிட்டது. டியூஷனை மாற்றலாமா, கையெழுத்துப் பயிற்சிக்கு அனுப்பலாமா, கைடை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லலாமா, பொதுத்தேர்விலும் இப்படி நடந்தால் எங்கே முறையிடுவது என்று அடுக்கிக் கேட்டிருக்கிறார். "நான் பத்தாவதோடு நின்றவள், என்னால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். விடைத்தாளின் நகலையும் இணைத்திருக்கிறார். நல்ல வேளை, அது இல்லாவிட்டால் நானும் பொதுவாக எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளின் விடைத்தாளை இரண்டு முறை படித்தேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்து பழகிய கண்ணோடு ஒரு முறை, வரலாற்று ஆசிரியனாக ஒரு முறை. அந்தத் தாளை நான் திருத்தியிருந்தாலும் 47ஐ ஒட்டித்தான் போட்டிருப்பேன். ஆனால் அதே தாளில் உள்ள அறிவுக்கு 70க்கு மேல் போட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்ததற்கும் அவள் எழுதியதற்கும் இடையில் ஏறத்தாழ இருபத்தைந்து மதிப்பெண் காணாமல் போயிருக்கிறது.

ஆசிரியை மீதான சந்தேகம்

இதை முதலில் பேசிவிடலாம். எந்த வரிக்கு மதிப்பெண் விழுந்தது, எதற்கு விழவில்லை என்பது தாளில் குறியிட்டுத் தெளிவாக இருக்கிறது. ஓரவஞ்சனை எதுவும் என் கண்ணில் படவில்லை. குறை ஒன்று உண்டு: ஏன் விழவில்லை என்று ஓரத்தில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. ஒரு வகுப்புக்கு எத்தனை தாள் என்று தெரிந்தவன் என்பதால் அதற்காக அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போய்க் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் "ஏன் குறைத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் தன் பக்கத்தைக் காக்கத்தான் பேசுவார். மகளையும் அழைத்துக்கொண்டு போய், ஒரே ஒரு விடையைக் காட்டி, "இதில் எந்த வரிகள் இல்லாமல் இருந்தாலும் இதே மதிப்பெண் வந்திருக்கும்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் யாராக இருந்தாலும் பேனாவை எடுத்து அடிக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த விடையைப் பார்ப்போம்

வினா இது: "தமிழகத்தில் சுதேசி இயக்கத்தின் வளர்ச்சியில் வ.உ.சிதம்பரனாரின் பங்கினை ஆராய்க." உங்கள் மகள் இப்படித் தொடங்குகிறாள்: "வ.உ.சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதன், பரமாயி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். இவர் தலைசிறந்த தேசபக்தர். விடுதலைப் போராட்ட வரலாற்றில் இவர் பெயர் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியது." அடுத்து ஒன்றரைப் பக்கம் வங்கப் பிரிவினை. கர்சன் வருகிறார், 1905 அக்டோபர் 16 வருகிறது, அந்நியத் துணி எரிகிறது, சூரத்தில் காங்கிரஸ் பிளவுபடுகிறது. எல்லாம் சரியான செய்திகள். ஒரு பிழைகூட இல்லை. கப்பல் நிறுவனம் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரியில் வருகிறது. தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம் வரவே இல்லை. முடிவில் "இவ்வாறு வ.உ.சி. மக்கள் மனத்தில் நீங்கா இடம் பெற்றார்."

பொன்னெழுத்துக்கும் நீங்கா இடத்துக்கும் எந்த விடைக்குறிப்பிலும் மதிப்பெண் ஒதுக்கப்பட்டதை நான் கண்டதில்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் இதைக் கைவிடுவதாக இல்லை. பிறந்த தேதியும் அப்படித்தான். கேட்டது வாழ்க்கை வரலாற்றை அல்ல.

கோரல் ஆலை அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதே தாளில் இரண்டு மதிப்பெண் வினா ஒன்றில் அதைச் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கட்டுரையில் அதற்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம், அந்த இடத்தை வங்கப் பிரிவினை பிடித்துக்கொண்டதுதான். அதே வினாவுக்கு நான் எதிர்பார்க்கும் விடை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வங்கத்தில் அந்நியப் பொருள் புறக்கணிப்பாகத் தொடங்கிய சுதேசி இயக்கத்தைத் தமிழகத்தில் கப்பல் தொழிலாகவும் தொழிலாளர் போராட்டமாகவும் வளர்த்தவர் வ.உ.சி. 1906இல் அவர் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம், கொழும்பு வழித்தடத்தில் ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் ஏகபோகத்துக்கு நேரடிப் போட்டியாக அமைந்தது. ஆங்கில நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தும் அரசின் துணையோடும் அதை ஒடுக்க முயன்றது. 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினர். தொழிலாளர்களின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டதால், படித்தவர்களின் இயக்கமாக இருந்த சுதேசி உழைக்கும் மக்களிடமும் சென்றது. இதைக் கண்டு அஞ்சிய அரசு மார்ச் 12 அன்று வ.உ.சி.யைக் கைது செய்ய, மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், துப்பாக்கிச்சூடு நடந்தது. பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டாலும், முதலில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசு அவரை எவ்வளவு பெரிய அச்சுறுத்தலாகக் கருதியது என்பதற்கு அந்தத் தீர்ப்பே சான்று."

இவ்வளவுதான். ஒரு பக்கம்கூட முழுதாக வராது. இதில் உங்கள் மகளுக்குத் தெரியாத செய்தி அநேகமாக ஒன்றும் இருக்காது. வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் வாக்கியமே வினாவுக்கு விடை சொல்லிவிடுகிறது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு செய்தியும் முந்தைய செய்தியின் விளைவாகவோ, முதல் வாக்கியத்துக்குச் சான்றாகவோ வருகிறது. கணக்குப்பதிவியலில் எந்தத் தொகையையும் பற்றா வரவா என்று தீர்மானிக்காமல் அவள் ஏட்டில் ஏற்ற மாட்டாள் அல்லவா? வரலாற்றில் மட்டும் கையில் கிடைத்த தொகையையெல்லாம் கிடைத்த பக்கத்தில் எழுதிவிட்டு வருகிறாள். கணக்கு வரும் பெண்ணுக்கு வரலாறு வராது என்பதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

பத்தாவதோடு நின்றவர் செய்யக்கூடியது

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும். அவள் ஒரு விடை எழுதி முடித்ததும், வினாவை உங்களிடம் சொல்லாமல் விடையை மட்டும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் வினா என்னவாக இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். மேலே உள்ள அவளுடைய விடையைக் கேட்டால், "வ.உ.சி. பற்றிக் குறிப்பு எழுது" என்றோ "வங்கப் பிரிவினை பற்றி எழுது" என்றோதான் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகம் தவறினால் குற்றம் உங்கள் படிப்பில் இல்லை, விடையில் இருக்கிறது. இந்த வேலைக்கு வரலாறு தெரிந்தவரைவிடத் தெரியாதவரே மேல். தெரிந்தவர் அவள் விட்ட இடத்தைத் தானே மனத்தில் நிரப்பிக்கொள்வார்.

வாரத்துக்கு மூன்று விடை இப்படிக் கேட்டால் போதும். கூடவே, வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம் வர வேண்டும். "விவரி" என்றால் நடந்ததை வரிசையாகச் சொல்வது. "காரணங்களைக் கூறு" என்றால் நடந்ததைக் குறைத்து, ஏன் நடந்தது என்பதை விரிப்பது. "ஆராய்க", "மதிப்பிடுக" என்று வந்தால் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். உங்கள் மகள் எல்லாவற்றையும் "விவரி" என்றே படிக்கிறாள்.

காரணங்களைக் கேட்கும் வினாவில் இன்னொரு சிக்கலும் வருகிறது. இணைப்பில் உள்ள இரண்டாவது விடையிலும் அதைக் கண்டேன். ஆறு காரணங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்து எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பின்படி எண்ணிட்ட குறிப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நேரம் போதாதபோது அதுவே கைகொடுக்கும். ஆனால் எது முதன்மைக் காரணம் என்று ஒருமுறை யோசித்துவிட்டால் மற்றவை தாமாக நினைவில் நிற்கும்.

உங்கள் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பிளஸ் ஒன்னில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களைப் படித்திருப்பாள். பிரெஞ்சுக்காரர்கள் ஏன் தோற்றார்கள் என்றால் நிதிப் பற்றாக்குறை, தாய்நாட்டின் அக்கறையின்மை, 1754இல் ஆளுநர் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டது, பின்னர் வந்த தளபதி லாலியின் குணம், கடற்படை பலவீனம் என்று பட்டியல் நீளும். தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போகும்போது அவளிடம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பற்றிக் கேளுங்கள். 1746இல் பிரெஞ்சுக் கப்பற்படை இருந்தது, சென்னை அவர்கள் கைக்குப் போனது. ஆங்கிலேயரின் தலைமையிடம் உங்கள் ஊர்க் கோட்டைக்கு மாறியது. அதையும் பிடிக்க டூப்ளே படை அனுப்பினார். ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் முயற்சி கைவிடப்பட்டது. 1758இல் லாலி அதே கோட்டையைப் பிடித்தே விட்டார். ஆனாலும் கடல் ஆங்கிலேயர் வசம் போனது, 1760இல் வந்தவாசியில் தோல்வி, தரையிலும் கடலிலும் முற்றுகைக்குள்ளான புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்தது. ஒரே கோட்டையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிவிடலாம், கடற்படைதான் முதன்மைக் காரணம் என்று வாதாடவும் முடியும். வேறொரு மாணவி பணம்தான் காரணம் என்று வாதிடலாம், அதற்கும் இடமுண்டு.

பாரதியின் கதையும் அப்படியே. 1908இல் அவர் ஏன் புதுச்சேரிக்குப் போனார்? 1910இல் அரவிந்தர் ஏன் அங்கே வந்தார்? பிரெஞ்சு ஆட்சிப்பகுதிக்குள் பிரிட்டிஷ் போலீஸ் புகுந்து கைது செய்ய முடியாது என்பதுதான் விடை. 1918 நவம்பரில் பாரதி எல்லையைக் கடந்து வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். இன்றைக்குப் பஸ்ஸில் ஆல்பேட்டையைத் தாண்டிப் போகிறவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத அந்த எல்லைக்கோடு அன்று ஒரு கவிஞரின் பத்தாண்டு வாழ்க்கையைத் தீர்மானித்தது. இப்படி ஊர்ச் செய்தியோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. ஆனால் தேர்வில் ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். விடைக்குறிப்பு பாடநூலை ஒட்டியே தயாரிக்கப்படுகிறது.

கைடும் மனப்பாடமும்

பாடநூல் வரியை அப்படியே எழுதினால்தான் மதிப்பெண் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல. செய்தி சரியாக இருந்தால் சொந்த நடைக்கு மதிப்பெண் உண்டு. அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. பெயர், ஆண்டு, சட்டம், ஒப்பந்தம் இவை நாக்கில் இருக்க வேண்டும். மனப்பாடம் செய்யக் கூடாதது பத்திகளைத்தான். பத்தியாக மனத்தில் ஏறியது பத்தியாகவே இறங்கும், பாதியில் நிறுத்தத் தெரியாது. வங்கப் பிரிவினை ஒன்றரைப் பக்கம் ஓடியது அதனால்தான்.

ஆண்டு நினைவுக்கு வராவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். "வங்கப் பிரிவினைக்குப் பின்", "முதல் உலகப்போர் முடிந்த நிலையில்" என்று எழுதினால் வரிசையும் காரணமும் நிற்கும். தவறான ஆண்டு இரண்டையும் கெடுக்கும்.

டியூஷனைப் பற்றி: பொங்கல் முடிந்தால் பொதுத்தேர்வுக்கு அதிக நாள் இல்லை. இப்போது மாற்றினால் புதியவர் மறுபடி முதல் பாடத்திலிருந்து குறிப்பு கொடுக்கத் தொடங்குவார். இருக்கிற குறிப்பே ஏராளம். டியூஷன் எடுக்கும் அக்காவிடம், புதுக் குறிப்புக்குப் பதிலாக வாரம் ஒரு விடையை நேரம் வைத்து எழுத வைக்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம். கையெழுத்துப் பயிற்சி தேவையில்லை, அவள் எழுத்து படிக்கும்படி இருக்கிறது. தலைப்புகளுக்கு நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனா பயன்படுத்தும் நேரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரக் கணக்கு

47ஐப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மதிப்பெண் வினாக்களில் 17, இரண்டு மதிப்பெண் பகுதியில் 12. இரண்டும் நன்று. மூன்று மதிப்பெண் பகுதியில் ஏழு எழுத வேண்டிய இடத்தில் நான்குதான் எழுதியிருக்கிறாள், ஐந்து மதிப்பெண் பகுதியில் ஏழுக்கு ஐந்து. எழுதாமல் விட்டதில் மட்டும் 19 மதிப்பெண். நீங்கள் கடிதத்தில் இதைச் சொல்லவே இல்லை, நீளமான விடைக்கு ஏன் குறைத்தார்கள் என்றே கேட்டீர்கள். அந்த நீளம்தான் இந்த 19ஐயும் விழுங்கியது.

கேள்வித்தாளைப் படிக்கத் தனியாகத் தரும் பத்து நிமிடத்தில் எந்தெந்த வினா என்று தேர்ந்துகொள்ளட்டும். அதன் பின் உள்ள 180 நிமிடத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதுக்கும் 15 நிமிடம். இரண்டு மதிப்பெண் வினா ஒன்றுக்கு 4 நிமிடம் வீதம் 28. மூன்று மதிப்பெண்ணுக்கு 6 வீதம் 42. ஐந்து மதிப்பெண்ணுக்கு 12 வீதம் 84. திருப்பிப் பார்க்க 11 நிமிடம் மிஞ்சும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கான பன்னிரண்டு நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடம் விடை எழுதக் கூடாது. விடையின் முதல் வாக்கியத்தையும், வர வேண்டிய நான்கைந்து செய்திகளையும் வினா எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, எழுதி முடித்ததும் அடித்துவிடலாம். தொடக்கத்தில் இது நேர விரயமாகத் தோன்றி அவள் முரண்டு பிடிப்பாள். விடாதீர்கள்.

ஐந்து மதிப்பெண் விடையில் கடைசி ஒரு மதிப்பெண்ணைத் துரத்துவதைவிட, எழுதாத வினாவின் முதல் இரண்டு மதிப்பெண்ணைப் பிடிப்பது எளிது. பன்னிரண்டு நிமிடம் ஆனதும் வாக்கியத்தை முடித்து அரைப்பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போகட்டும்.

பொதுத்தேர்வில் குறைந்தால்

பொதுத்தேர்வுத் தாளில் திருத்துபவர் பார்க்கும்படி மாணவர் பெயரோ பள்ளியோ இருக்காது. எனவே டியூஷன் பற்றிய அச்சத்துக்கு அங்கே வேலையில்லை. முடிவு வந்த பின் மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் கைக்கு வந்த பின் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். கூட்டலில் பிழை, அல்லது ஒரு விடை திருத்தப்படாமலே விடுபட்டிருக்கிறது என்றால் மறுகூட்டல் போதும். விடைக்குறிப்பில் உள்ள செய்தி எழுதியும் மதிப்பெண் இல்லை என்றால்தான் மறுமதிப்பீடு. அதில் மதிப்பெண் கூடவும் கூடும், குறையவும் கூடும். "மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள்" என்பதை மட்டும் நம்பி அதற்குப் பணம் கட்ட வேண்டாம். விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு, முடிவு வந்த வாரமே பள்ளியில் விசாரித்துவிடுங்கள்.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியது ஒன்றே. விட்டுப்போன இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களையும் கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதி, வினாவைச் சொல்லாமல் உங்களிடம் படித்துக் காட்டட்டும். பிறகு அந்தத் தாளோடு ஆசிரியையைப் போய்ப் பாருங்கள்.